மரத்தின் மேல் ஓர் ஒளி: ஊத் முதல் கிதார் வரை மெருகுப் பூச்சின் வரலாறு

ஒரு பொருளின் வரலாற்றை அறிய ஏடுகளைப் புரட்டுவதற்கு முன் அதன் பெயரைப் புரட்டிப் பார்ப்பது பயன் தரும். பெயர்கள் எளிதில் பொய் சொல்வதில்லை. இன்று உலகெங்கும் இளைஞர்களின் தோளில் தொங்கும் கிதார் என்னும் கருவியின் பெயர், கிரேக்க மொழியின் ‘கிதாரா’விலிருந்து அரபியின் ‘கீதாரா’வாகி, அந்தலுஸ் வழியே ஸ்பானிய மொழியை அடைந்து ஐரோப்பா முழுவதும் பரவியது. 14ஆம் நூற்றாண்டு ஸ்பானிய இலக்கியத்தில் இலத்தீன் கிதார் என்றும் மூரிய கிதார் என்றும் இரு வகைகள் தனித்தனியே பேசப்படுகின்றன. அரபிகளின் ‘அல்ஊத்’ ஐரோப்பியரின் ‘லூட்’ ஆயிற்று. ‘ஊத்’ என்றால் மரம், குச்சி என்பதே பொருள். நம் வீடுகளில் மணக்கும் ஊதுபத்தியின் முதற்பாதியும் இதே அரபிச் சொல்தான் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

இக்கருவிகளின் பெயர்களையும் இசையையும் பற்றி அறிஞர்கள் நிறைய எழுதியுள்ளனர். அம்மரத்தின் மேல் பூசப்பட்ட மெருகைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. கண்ணாடிபோல் பளபளக்கும் அந்தப் பூச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் மொராக்கோவின் மலைகளும், ஸன்ஸிபாரின் துறைமுகமும், ஜார்கண்டின் காடுகளும், டெட்ராய்ட் நகரின் கார்த் தொழிற்சாலைகளும் இடம்பெறுகின்றன. இசை குறித்த மார்க்கச் சட்ட விவாதம் இக்கட்டுரையின் பொருளன்று. அதற்கு வேறு இடம் உண்டு. நாம் இங்கே கவனிக்க இருப்பது ஒரு கைத்தொழிலின் பயணத்தையும், அது எழுப்பும் ஒரு கேள்வியையும்தான்: மரத்தை அழகாக்கும் பூச்சு, மரம் செய்ய வேண்டிய வேலைக்குத் துணை நிற்கிறதா, தடையாகிறதா?

மெல்லிய மரத்தின் இலக்கணம்

10ஆம் நூற்றாண்டில் பஸராவில் இயங்கிய இக்வானுஸ் ஸஃபா என்னும் அறிஞர் குழுவினர் தம் இசை பற்றிய மடலில் ஊத் செய்யும் அளவுகளைத் தந்துள்ளனர். நீளம் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு. ஆழம் அகலத்தில் பாதி. கழுத்து நீளத்தில் கால் பங்கு. முகப்பலகை மெல்லியதாக, கனமற்றதாக, அதே சமயம் உறுதியானதாக, தட்டினால் ஒலிக்கக்கூடிய மரத்தால் அமைய வேண்டும் என்பது அவர்கள் வகுத்த நிபந்தனை. அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே தத்துவஞானி அல்கிந்தியும் ஊதின் அமைப்பையும் அளவுகளையும் பற்றி எழுதியிருந்தார்.

இந்த இலக்கணத்தைக் கையால் உணர்ந்தவர் ஸிர்யாப். பக்தாதில் பயின்று, 822ஆம் ஆண்டு குர்துபாவை அடைந்த இக்கலைஞரைப் பற்றி அல்மக்கரீ தமது ‘நஃப்ஹுத் தீப்’ நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் அவையில், ஆசிரியர் இஸ்ஹாக் அல்மவ்ஸிலியின் ஊதை வாசிக்கச் சொன்னபோது ஸிர்யாப் இணங்கவில்லை. தம் கையாலேயே செதுக்கிய கருவியைக் கொண்டுவர அனுமதி கேட்டார். இரண்டும் ஒரே அளவு, ஒரே மரம்; ஏன் இதை மறுத்தாய் என்று கலீஃபா வினவ, தம் கருவி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடை வேறுபட்டதென அவர் விளக்கினார். செய்தி பிற்காலத்தது, அல்மக்கரீ 1632இல் மறைந்தவர். எனினும் இதனுள் பொதிந்துள்ள தொழில் அறிவு கவனத்திற்குரியது. வெளித்தோற்றம் ஒன்றாயிருக்க, கருவியின் தரத்தை முடிவு செய்வது கண்ணுக்குத் தெரியாத எடையே என்பதை அது உணர்த்துகிறது.

இதன் நேரடி விளைவை இன்றும் காணலாம். மரபுவழி ஊதின் முதுகுப் பகுதிக்கு மெருகிடுவார்கள்; முகப்பலகையைப் பெரும்பாலும் பூச்சின்றியே விட்டுவிடுவார்கள். ஒலி பிறக்கும் இடத்தில் ஒரு சுமையும் ஏறக்கூடாது என்பதே அவர்கள் கணக்கு.

சந்தரூஸ்: ஒரு பெயர், இரு பிசின்கள்

மெருகெண்ணெய் என்பது அடிப்படையில் பிசினும் அதைக் கரைத்துப் பரப்பும் ஒரு திரவமும் சேர்ந்ததாகும். அரபு, பாரசீக உலகில் இதற்குப் பெரிதும் பயன்பட்ட பிசின் சந்தரூஸ். மொராக்கோ, அல்ஜீரியா மலைகளில் வளரும் ஒருவகை ஊசியிலை மரத்தின் கண்ணீர் அது. ஆளி விதை எண்ணெயில் அதைக் காய்ச்சிக் கலந்தால் கெட்டியான, பொன்னிற மெருகு கிடைக்கும். ஈரானில் இதற்கு ‘ரவ்கனே கமான்’, அதாவது வில் எண்ணெய் என்று பெயர். போர் வில்லை ஈரத்திலிருந்து காக்கப் பயன்பட்ட பூச்சு, பின்னர் எழுதுகோல் பெட்டிகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் ஒளியூட்டியது. படைக்கலத்தின் காவல் கலைப்பொருளின் அழகாக மாறிய வரலாறு இது.

ஐரோப்பிய மொழிகளில் வார்னிஷ் என்னும் சொல்லின் மூலத்தைத் தேடியவர்களில் ஒரு சாரார், அது ‘பெரனீகே’ என்னும் பழைய நகரத்தின் பெயரிலிருந்து வந்ததென்பர். அந்நகரமே இன்றைய லிபியாவின் பென்காஸி.

சந்தரூஸ் என்ற அதே பெயர் கிழக்காப்பிரிக்காவின் கோபால் பிசினுக்கும் வழங்கியது; சுவாஹிலி மொழியில் அது ‘சந்தரூஸி’. இரண்டும் வெவ்வேறு மரங்களின் பொருள்கள். பழைய நூல்களை வாசிப்போர் இதில் குழம்பக்கூடாது. தான்சானியக் கடற்கரையில், மரம் அழிந்து நெடுங்காலமான பின்னும் மண்ணுக்குள் இறுகிக் கிடந்த பிசினைத் தோண்டியெடுத்து ஸன்ஸிபாருக்குக் கொண்டுவந்தார்கள். ஓமானின் சுல்தான் ஸெய்யித் ஸயீத் தம் ஆட்சியின் மையத்தை அத்தீவுக்கு மாற்றிய காலத்தில் தந்தம், கிராம்பு ஆகியவற்றோடு கோபாலும் அதன் முக்கிய ஏற்றுமதியாயிற்று. 1833இல் அவர் அமெரிக்காவுடன் வணிக உடன்படிக்கை செய்தார். அமெரிக்காவின் ஸேலம் நகரக் கப்பல்கள் கோபாலை ஏற்றிச் சென்றன. அது அங்கே குதிரை வண்டிகளுக்கும் மரச்சாமான்களுக்கும் உயர்ந்த மெருகாயிற்று.

வரலாற்றை எழுதும்போது ஒளியை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. அதே ஸன்ஸிபாரில் 1873இல் சுல்தான் பர்கஷ் காலத்தில் மூடப்படும்வரை அடிமைச் சந்தை நடந்தது. ஒரு பொருளின் பளபளப்பில் முகம் பார்ப்பவர், அதைச் சுமந்து வந்த கைகளையும் நினைக்கக் கடமைப்பட்டவர்.

தமிழ் நிலமும் இத்துறையில் அந்நியமன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலியம் இந்தியக் கோபால் என்ற பெயரில் மெருகெண்ணெய்க்குப் பயன்பட்டது. மரக்கலங்களின் பலகை இடுக்குகளைக் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து அடைத்த அறிவு நம் கடற்கரைகளில் வழிவழியாக இருந்து வந்ததே.

அரக்கின் பயணம்

இரண்டாவது பெரும் பொருள் அரக்கு. ஒரு சிறு பூச்சி மரக்கிளைகளில் தன்னைச் சுற்றிச் சுரந்து வைக்கும் கூடு இது. சித்த மருத்துவர்கள் கொம்பரக்கு என்பது இதையே. சமஸ்கிருதத்தின் ‘லாக்ஷா’ பாரசீகத்தில் ‘லாக்’ ஆகி, அரபியில் ‘லக்’ ஆகி, ஐரோப்பாவில் ‘லாக்கர்’ என்னும் சொல்லுக்குத் தாயாயிற்று. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்கக் கடல்வழிக் கையேடான ‘பெரிப்ளூஸ்’, இந்தியாவிலிருந்து செங்கடல் துறைமுகத்திற்குச் சென்ற பொருள்களில் அரக்குச் சாயத்தையும் குறிப்பிடுகிறது.

முகலாயர் காலத்தில் இதன் பயன்பாடு எந்த அளவுக்கு ஒழுங்குபட்டிருந்தது என்பதற்கு அபுல் ஃபஸ்லின் ‘ஆயினே அக்பரீ’ சான்று. மூங்கில் திரைகளுக்குப் பூசும் வண்ண மெருகின் அளவை அவர் எழுதி வைத்துள்ளார்: சிவப்பானால் நான்கு சேர் அரக்குக்கு ஒரு சேர் சாதிலிங்கம், மஞ்சளானால் அதே அரக்குக்கு ஒரு சேர் அரிதாரம். ஒரு பேரரசின் நிர்வாக நூல் பூச்சின் விகிதத்தையும் பதிவு செய்திருப்பது சாதாரணச் செய்தியன்று.

அரக்கைச் சாராயச் சத்தில் கரைத்து, துணிப்பொட்டலத்தால் மரத்தில் நூறு முறை மெல்லியதாகத் தேய்க்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் செழித்தது. நம் ஊர்த் தச்சர்கள் இன்றும் பிரெஞ்சு பாலிஷ் என்று சொல்வது அதைத்தான். கரைப்பானின் பெயர் அரபியின் ‘அல்குஹ்ல்’, வடிகலத்தின் பெயர் ‘அல்அன்பீக்’, கரைபொருளின் பெயர் ‘லக்’. பிரான்ஸின் பெயர் தாங்கிய இத்தொழிலில் முக்கியச் சொற்கள் மூன்றும் அரபி வழியாகச் சென்றவை. ‘அல்குஹ்ல்’ முதலில் கண்ணுக்கு இடும் நுண்பொடியான சுர்மாவைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டில்தான் அச்சொல் வடித்த மதுச்சத்தைக் குறிக்கலாயிற்று.

காகித அட்டையால் ஒரு கிதார்

இன்றைய கிதாருக்கு வடிவம் தந்தவர் ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ டி தோர்ரஸ் (1817-1892). அல்மேரியா என்பதும் ‘அல்மரிய்யா’ என்னும் அரபிப் பெயரே. அவர் 1862இல் ஒரு சோதனை செய்தார். கிதாரின் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் அமைத்து, முகப்பலகையை மட்டும் நல்ல மரத்தால் செய்தார். ஒலியின் உயிர் முகப்பலகையில்தான் உள்ளது என்பதைக் காட்டுவதே அவர் நோக்கம். அக்கருவி பார்ஸிலோனா அருங்காட்சியகத்தில் உள்ளது. இக்வானுஸ் ஸஃபா எழுத்தில் சொன்னதைத் தோர்ரஸ் பொருளில் செய்து காட்டினார் எனலாம்.

மெருகு பற்றிய மயக்கங்களும் உண்டு. வயலின் மேதை ஸ்ட்ராடிவாரியின் இனிமைக்கு அவருடைய வார்னிஷில் ஓர் இரகசியம் இருந்ததென நெடுங்காலம் நம்பப்பட்டது. பாரிஸ் அருங்காட்சியகத்தின் ஐந்து கருவிகளை ஆராய்ந்த பிரெஞ்சு, ஜெர்மானிய அறிவியலாளர்கள் 2009இல் வெளியிட்ட முடிவு வேறு. உலரும் எண்ணெய், ஊசியிலை மரப்பிசின், சில நிறமிகள் ஆகிய இவையே கிடைத்தன. அக்கால ஓவியர் எவரிடமும் இருந்த பொருள்கள்தாம் அவை. இரகசியம் புட்டியில் இல்லை, கையில் இருந்தது.

காரிலிருந்து கிதாருக்கு

20ஆம் நூற்றாண்டில் மெருகின் வரலாறு திசை மாறியது. 1846இல் ஷோன்பைன் என்னும் வேதியியலாளர் அறிமுகப்படுத்திய வெடிபஞ்சின் இனத்தைச் சேர்ந்தது நைட்ரோ செல்லுலோஸ். முதல் உலகப் போருக்குப் பின் அதிலிருந்து ட்யூபாண்ட் நிறுவனம் உருவாக்கிய ‘ட்யூகோ’ வண்ணம் 1923இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஏறியது. வாரக்கணக்கில் உலர்ந்த கார் வண்ணம் மிகக் குறுகிய நேரத்தில் உலரலாயிற்று. அமெரிக்கக் கிதார்த் தொழிற்சாலைகளும் அரக்கைக் கைவிட்டு இதற்கு மாறின. வில் எண்ணெய் எழுதுகோல் பெட்டிக்கு வந்தது போலவே, வெடிமருந்தின் உறவுப்பொருள் இசைக்கருவிக்கு வந்தது.

லியோ ஃபெண்டரின் திண்மரக் கிதார்கள் 1950 முதல் சந்தைக்கு வந்தபோது இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. இதில் கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருள் மின்னலையாக மாற்றுகிறது. மரம் காற்றை அசைத்து ஒலி தர வேண்டியதில்லை. ஆகவே முகப்பலகைக்கு ஆயிரம் ஆண்டுகளாக இருந்த தடை நீங்கியது. மரத்தை முற்றிலும் மறைக்கும் வண்ணங்கள் ஏறின. 1956இன் ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் சிவப்பும், 1958இன் காடிலாக் காரின் நீலமும் அப்படியே கிதாரில் இடம்பெற்றன. 1960களின் இறுதியில் தடித்த பாலியெஸ்டர் பூச்சு வந்தது. ஊதின் முகம் வெறுமையாய் இருந்ததற்கும் மின்கிதாரின் முகம் காரைப் போல் மின்னியதற்கும் காரணம் ரசனை வேறுபாடு மட்டுமன்று. மரத்திடம் கேட்கப்பட்ட வேலை வேறு. ஆகவே பூச்சும் வேறு.

தந்தையும் மகனும் செய்த கருவி

தொழிற்சாலைகள் கோலோச்சிய அதே காலத்தில், 1963இல், இலண்டன் அருகே ஒரு வீட்டில் பிரையன் மே என்ற பள்ளி மாணவரும் அவருடைய தந்தை ஹெரால்டும் ஒரு கிதாரைத் தாமே செய்யத் தொடங்கினர். கடையில் வாங்கப் பணமில்லை. கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மேற்சட்டத்து மகாகனி மரம் கிடைத்தது. அதிலிருந்த பூச்சித் துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். உடலுக்குப் பழைய ஓக் மேசைப் பலகை. அதிர்வுக் கம்பியின் விற்சுருள்கள் ஒரு பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து. விரற்பலகையின் புள்ளிகள் தாயாரின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். இவற்றின் மேல் இரு திரவங்களைக் கலந்து இறுகச் செய்யும் ஒரு பிளாஸ்டிக் மெருகைப் பல அடுக்குகளாகப் பூசித் தேய்த்தனர். செம்பழுப்பாய் ஒளிர்ந்த அக்கருவி, பின்னர் ‘குயீன்’ இசைக்குழு வழியே உலகப் புகழ் பெற்றது. 2007இல் வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பிரையன் மே இன்றும் அதையே வாசிக்கிறார். ஸிர்யாபுக்குப் பின் 1,100 ஆண்டுகள் கழித்தும், தன் கையால் செய்ததைத் தவிர வேறொன்றை ஏற்காத மனம் மாறவில்லை.

இவ்வாறு வீட்டில் செய்யும் உறுப்புகளுக்கு மெருகிடும் முறையைச் சுருங்கச் சொல்வோம். தொழிலை அறியாமல் தொழிலின் வரலாற்றை அறிதல் அரைகுறையே. பளபளப்பு என்பது வண்ணத்தின் குணம் அன்று, சமதளத்தின் குணம். மேடு பள்ளமான பரப்பு ஒளியைச் சிதறடிக்கும். சமமான பரப்பு திருப்பி அனுப்பும். ஆகவே மெருகின் பெரும்பகுதி பூசுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 120ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 180, 240, 320 என இழையோட்டத்தின் திசையிலேயே தேய்க்க வேண்டும். மகாகனி, ஆஷ் போன்ற மரங்களின் திறந்த துளைகளைப் பட்டி இட்டு அடைக்க வேண்டும்; மேப்பிள் மரத்திற்கு அது தேவையில்லை. பின்னர் அடிப்பூச்சு, வண்ணம், அதன் மேல் தெளிந்த மெருகு என ஒவ்வொன்றும் மெல்லிய அடுக்குகளாக ஏற வேண்டும். ஒரே தடவையில் தடிமனாக அடிப்பவர் வழிசலையும் சுருக்கத்தையுமே பெறுவார். நைட்ரோ செல்லுலோஸ் ஆனால் சில வாரங்கள் பொறுத்திருந்து, பிறகு தண்ணீர் தொட்டு 800, 1,000, 1,500, 2,000 என நுண்தாள்களால் தேய்த்து, மெருகுப் பசையால் முடிக்க வேண்டும்.

பூசக்கூடாத இடங்களை அறிவது இதில் பாதி அறிவு. கழுத்து உடலில் பொருந்தும் குழியில் வண்ணம் தடித்தால் பொருத்தம் கெடும். ரோஸ்வுட் விரற்பலகை பூச்சின்றியே இருக்கும். ஒட்டுப்பாலம் அமரும் இடத்தில் வெற்று மரமே பசையைப் பிடிக்கும். கழுத்தின் பின்புறம் மிகுந்த பளபளப்பு வியர்த்த கையைப் பற்றி இழுக்கும். ஆதலால் பலர் அங்கு மங்கலான மெருகையே விரும்புகின்றனர். மழைக்காலக் காற்றின் ஈரம் அரக்குப் பூச்சையும் நைட்ரோ செல்லுலோஸையும் பால்போல் வெளுக்கச் செய்யும் என்பது நம் தச்சர்களுக்கும் தெரிந்ததே.

இங்கே ஒரு வேறுபாடு முக்கியமானது. அரக்கும் நைட்ரோ செல்லுலோஸும் கரைப்பான் ஆவியாகி உலர்பவை. புதிய அடுக்கு பழைய அடுக்கைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாகும். கீறலைச் செப்பனிடுவது எளிது. பாலியூரித்தேன், பாலியெஸ்டர் ஆகியவை வேதிவினையால் இறுகுபவை. உறுதி மிகுதி; ஆனால் ஒருமுறை உடைந்தால் பழையதோடு புதியது கலப்பதில்லை. மேலும், நைட்ரோ செல்லுலோஸின் ஆவி தீப்பற்றக் கூடியது. கடினமாக்கி சேர்க்கும் பாலியூரித்தேனின் ஐசோசயனேட் நச்சு, தெளிப்பவரின் மூச்சுக்குழலைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. தகுந்த முகக்கவசமும் காற்றோட்டமும் இன்றி வீட்டு அறையில் அதைத் தெளிப்பது அழகுக்காக உயிரைப் பணயம் வைப்பதாகும். நம் நகரங்களின் வண்ணப் பட்டறைகளில் முகத்தில் கைக்குட்டை மட்டும் கட்டி வேலை செய்யும் இளைஞர்களை நாம் அன்றாடம் காண்கிறோம். கைக்குட்டை தூசியை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

நாம் கொள்ள வேண்டியது

இந்த வரலாற்றிலிருந்து இரண்டு செய்திகளை நாம் எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, நம் முன்னோர்களின் அறிவுப் பங்களிப்பைப் பேசும்போது வானியலையும் மருத்துவத்தையும் மட்டும் பட்டியலிட்டு நிறைவடைந்து விடுகிறோம். பிசின் காய்ச்சியவர், அரக்கு தேய்த்தவர், மரத்தின் எடையைக் கையால் அறிந்தவர் ஆகியோரின் அறிவும் அறிவே. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் ஏட்டில் இல்லை. ஆனால் ‘லக்’, ‘சந்தரூஸ்’, ‘அல்குஹ்ல்’ என்று அவர்கள் புழங்கிய சொற்கள் பல மொழிகளில் இன்னும் வாழ்கின்றன. அச்சொற்களைப் பின்தொடர்ந்து செல்லும் ஆய்வை நம் அரபிக் கல்லூரி மாணவர்கள் மேற்கொள்ளலாம். மொழித் தேர்ச்சி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டாவது, பூச்சு எப்போதும் ஒரு வேலைக்கு உட்பட்டது. ஈரத்தைத் தடுக்கவும், வியர்வையைத் தாங்கவும், கண்ணுக்கு இதமளிக்கவும் அது வேண்டும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு அடுக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டது. ஊதின் முகத்தை வெறுமையாக விட்ட தச்சருக்கு மெருகிடத் தெரியாமல் இல்லை. அதே கருவியின் முதுகில் அவர் மெருகிட்டிருக்கிறார். எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.